பழைய தமிழ் நூல்களை இணையத்தில் தேட நாமே செய்துகொள்ளும் தேடல் பலகை

பழைய தமிழ் நூல் ஒன்றையோ, அதைப் பதிப்பித்தவரையோ பற்றி இணையத்தில் தேட உட்கார்ந்தால் நேரம் எங்கே போகிறது என்று கவனித்துப் பாருங்கள். படிப்பதில் அவ்வளவாகப் போவதில்லை. ஒரே பெயரை ஏழெட்டுத் தளங்களின் தேடல் பெட்டியில் திரும்பத் திரும்பத் தட்டுவதில்தான் போகிறது. அதைவிட மோசம், எந்தத் தளத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் தேடினோம் என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு சின்னக் கருவி செய்யலாம். நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை. ஒரு கூகுள் ஷீட், ஒரு சூத்திரம், ஒரு மணி நேரப் பொறுமை போதும். மேல் வரிசையில் பெயரின் எழுத்துக்கூட்டல்களை அடிப்பீர்கள். இடப்பக்கத்தில் தளங்களின் பெயர்கள் இருக்கும். நடுவில் உள்ள ஒவ்வொரு கட்டமும் அந்தத் தளத்தில் அந்த எழுத்துக்கூட்டலைத் தேடிக் காட்டும் இணைப்பாக மாறிவிடும். கருவி மொத்தமே இவ்வளவுதான். இதைத் தேடல் பலகை என்றே சொல்லிக்கொள்வோம்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம்: சி.வை. தாமோதரம்பிள்ளை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர். இவரைப் பற்றிய செய்திகள் கடலின் இரு கரையிலும் சிதறிக் கிடக்கின்றன. பெயரை எழுதும் முறையோ கரைக்குக் கரை மாறுகிறது. தேடல் பலகையைச் சோதித்துப் பார்க்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம்.

முதலில் தளங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஆரம்பத்தில் ஐந்தாறு போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலகம் தளம், தமிழ் நூல்களை மின்னுரையாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், இன்டர்நெட் ஆர்க்கைவ், வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் பட்டியல். உங்கள் துறை கல்வெட்டோ சினிமாவோ என்றால் பட்டியல் வேறாக இருக்கும். செய்முறை மாறாது.

இன்டர்நெட் ஆர்க்கைவை மட்டும் இரண்டு தளமாகக் கணக்கில் வையுங்கள். அங்கே நூலின் தலைப்பு, ஆசிரியர் விவரங்களுக்குள் தேடுவது ஒரு வகை. நூலின் உள்ளே உள்ள உரைக்குள் தேடுவது இன்னொரு வகை. இரண்டுக்கும் முடிவுகள் வேறு வேறாக வரும். ஒன்றில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர்.

தேடல் முகவரியை இரண்டாக வெட்டுவது

கருவியின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள்.

பெரும்பாலான தளங்களில் நாம் எதையாவது தேடினால், தேடிய சொல் முடிவுப் பக்கத்தின் முகவரிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கே உட்காருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அந்த இடத்தில் வேறு எந்தச் சொல்லையும் வைத்துத் தேடலாம். தளத்தின் தேடல் பெட்டிப் பக்கமே போக வேண்டாம்.

கண்டுபிடிக்க எளிய வழி, 98765 என்ற எண்ணைத் தேடுவது. தமிழ்ச் சொல்லைத் தேடினால் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது அது சதவீதக் குறிகளும் எண்களுமாக உருமாறிவிடும், அதற்குள் நம் சொல் எங்கே என்று கண் தேடி அலையும். எண் அப்படியே நிற்கும். முடிவு ஒன்றும் வராமல் போகலாம், வர வேண்டியதும் இல்லை. நமக்கு வேண்டியது முகவரி மட்டும்தான்.

இப்போது உலாவியின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். நீளமான வரிக்குள் எங்கோ 98765 இருக்கும். அதற்கு முன்னால் இருப்பது முழுவதும், 'எச்டிடிபிஎஸ்' தொடங்கிச் சமக்குறி வரைக்கும், முன்பாதி. எண்ணுக்குப் பின்னால் ஏதாவது இருந்தால் அது பின்பாதி. பல தளங்களில் பின்பாதி இல்லாமலேயே வேலை நடக்கும். எண்ணுக்குப் பின்னால் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டு என்டர் தட்டிப் பாருங்கள். அதே பக்கம் வந்தால் பின்பாதியைத் தூக்கிப் போட்டுவிடலாம். முகவரி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

சில தளங்களில் எதைத் தேடினாலும் முகவரி மாறாது. அங்கே கூகுளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் பெயரை அடித்து, ஓர் இடைவெளி விட்டு 98765 என்று தேடுங்கள். வரும் கூகுள் முகவரியை முன் சொன்ன மாதிரியே வெட்டுங்கள். அந்தத் தளத்துக்குள் மட்டும் கூகுள் தேடிக் கொடுக்கும். தளத்தின் சொந்தத் தேடலுக்கு இது முழுதாக ஈடாகாது. கூகுள் எட்டிப் பார்க்காத பக்கங்கள் எந்தத் தளத்திலும் இருக்கும். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

நூலகம் தளமும் விக்கிமூலமும் விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் ஓடுகின்றன. ஒன்றை வெட்டிப் பழகிவிட்டால் மற்றது சிரமமே இல்லை.

பலகையைப் போடுவது

புதிய கூகுள் ஷீட் ஒன்றைத் திறங்கள். முதல் வரிசை எழுத்துக்கூட்டல்களுக்கு. இரண்டாம் வரிசையைக் குறிப்புக்காக விட்டுவிடுங்கள். மூன்றாம் வரிசையிலிருந்து வரிசைக்கு ஒரு தளம். ஏ நெடுவரிசையில் தளத்தின் பெயர், பி-யில் முன்பாதி, சி-யில் பின்பாதி. பின்பாதி இல்லையென்றால் காலியாக விடலாம். டி1 செல்லில் முதல் எழுத்துக்கூட்டலை அடியுங்கள்: தாமோதரம்பிள்ளை.

இனி டி3 செல்லில் சூத்திரம். கீழே இருப்பதை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். ஏ, பி, சி, டி என்பவை ஆங்கிலத்தின் முதல் நான்கு எழுத்துகள்.

=இஃப்(டி$1="","",ஹைப்பர்லிங்க்($பி3&என்கோட்யூஆர்எல்(டி$1)&$சி3,$ஏ3))

இடமிருந்து வலமாகப் படித்தால் குழப்பம் இருக்காது. டி1 காலியாக இருந்தால் ஒன்றும் காட்டாதே. இல்லையென்றால் முன்பாதி, தேடும் சொல், பின்பாதி மூன்றையும் ஒட்டி ஓர் இணைப்பாக்கு, அதன் மேல் தளத்தின் பெயரைக் காட்டு. டாலர் குறிகள் ஏன் என்றால், இந்தச் சூத்திரத்தை நாம் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழுக்கப் போகிறோம். எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் எங்கே இருக்கிறதோ, அது இழுக்கும்போது நகராது. எந்தக் கட்டத்துக்கு இழுத்தாலும் சொல்லை முதல் வரிசையிலிருந்தும், முகவரியை பி, சி நெடுவரிசைகளிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒரு டாலர் இடம் மாறினாலும் பலகை முழுவதும் தப்பான இணைப்பாக வரும். எதுவும் சரியாக வரவில்லை என்றால் முதலில் டாலர்களைப் பாருங்கள்.

என்கோட்யூஆர்எல் என்பது தமிழ் எழுத்துகளை முகவரிக்குள் போகக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் செயற்கூறு. ஒரு தமிழ்க் குறியீட்டு எழுத்து மூன்று பைட்டாகி, முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். கணினிக்கு 'மோ' என்பது ம, ஓகாரக் குறி என இரண்டு குறியீடு. அந்தக் கணக்கில் தாமோதரம்பிள்ளை என்ற பெயரில் 14 குறியீடுகள் உள்ளன. முகவரியில் அது 126 எழுத்து நீளம். எக்செலைத் தவிர்த்துக் கூகுள் ஷீட்டைச் சொல்வது இதனால்தான். எக்செலின் ஹைப்பர்லிங்க் சூத்திரம் 255 எழுத்துக்கு மேற்பட்ட முகவரியை ஏற்காமல் பிழை காட்டிவிடும். தமிழில் ஒரு பெயரையும் ஒரு நூல் தலைப்பையும் சேர்த்தாலே அந்த எல்லையை முட்டிவிடுவோம்.

டி3 செல்லின் வலக் கீழ் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே கடைசித் தளம் வரைக்கும், பிறகு வலப்பக்கம் பத்து நெடுவரிசைக்கும் இழுத்துவிடுங்கள். பலகை தயார். அம்புக்குறிச் சாவிகளால் கட்டங்களுக்கு இடையே நகர்ந்து, ஆல்ட்டுடன் என்டரை அழுத்தினால் இணைப்பு புதிய தாவலில் திறக்கும். மவுஸைத் தொடாமலே ஒரு வரிசையை முடித்துவிடலாம்.

முதல் வரிசையை நிரப்புவதில்தான் ஆராய்ச்சி இருக்கிறது

கருவி செய்த களிப்பில் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலைப் போட்டுவிட்டுத் தேடத் தொடங்காதீர்கள். பலகையின் அகலம்தான் அதன் பலம்.

தமிழிலேயே எத்தனை வடிவம் என்று பாருங்கள். தாமோதரம்பிள்ளை என்று சேர்த்து, தாமோதரம் பிள்ளை என்று பிரித்து, தாமோதரனார் என்று இலக்கிய வழக்கில். பழைய நூல்களின் முகப்புப் பக்கத்திலோ 'பிள்ளையவர்களால்' என்று வேற்றுமை உருபோடு ஒட்டியிருக்கும். தேடுபொறிகளில் பல இந்த ஒட்டை வெட்டிப் பார்க்கத் தெரியாதவை. சொல் முழுதாகப் பொருந்தவில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடும். நட்சத்திரக் குறியை ஏற்கும் தளங்களுக்காக 'தாமோதர' என்று அடித்து அதன் பின்னால் நட்சத்திரக் குறி போட்ட ஒரு நெடுவரிசை அவசியம்.

ஆங்கில எழுத்துகளுக்கு வந்தால் இன்னும் விரியும். சென்னை வழக்கில் 'தாமோதரம்' என்பதன் முதலெழுத்து, டேனியல் என்ற பெயருக்கு வரும் எழுத்து. யாழ்ப்பாண வழக்கில் தாமஸுக்கு வரும் முதலிரண்டு எழுத்துகள். நூலகப் பட்டியல்களின் வழக்கு மூன்றாவது: அங்கே 'த' என்பதற்குத் தாமஸின் முதலெழுத்து மட்டும், பக்கத்தில் 'எச்' கிடையாது. அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு முறை அது. அதே முறையில் 'ச' என்பதற்கு 'எஸ்' வராது, 'சி' என்ற ஆங்கில எழுத்துதான் வரும். ஆகவே சிந்தாமணியை 'எஸ்' போட்டுத் தேடினால் அந்தப் பட்டியலில் ஒன்றும் அகப்படாது, நூல் அலமாரியில் இருந்தாலும்கூட. இந்த ஒரு விஷயம் தெரியாமல் 'அந்த நூலகத்தில் பிரதி இல்லை' என்று எழுதப்பட்ட அடிக்குறிப்புகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

முன்னெழுத்துகளையும் விடாதீர்கள். தமிழில் சி.வை. என்றிருப்பது ஆங்கிலக் கட்டுரைகளில் 'சி.டபிள்யூ.' என்று வரும். பெயரை மட்டும் தேடும்போது இது தொல்லையில்லை. இரட்டை மேற்கோள் குறிக்குள் முழுப் பெயரையும் போட்டுத் தேடும்போது இரண்டு வடிவத்துக்கும் இரண்டு நெடுவரிசை வேண்டும்.

அடுத்து ஸ்கேன் செய்த பக்கங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள்கள் பெரும்பாலும் இன்றைய எழுத்து வடிவத்தில் பழகியவை. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடு இருக்கும். பிள்ளை என்ற சொல்லின் கடைசி எழுத்தே அதில் ஒன்று. 1887ஆம் ஆண்டு அச்சுப் பக்கத்தை ஓசிஆர் படிக்கும்போது இந்தப் பெயர் தடுக்கி விழ நிறைய வாய்ப்பு உண்டு. உரைக்குள் தேடும் வரிசைகளில் 'பிள்ளை'யை விட்டுவிட்டுத் தேடுவது நல்லது. துணைக்காலுக்குப் பதில் 'ர' என்று படித்துவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை: தாமோதரம் 'தரமோதரம்' ஆகியிருக்கும். அதையும் ஒரு நெடுவரிசையாகப் போடுங்கள். பார்க்க அபத்தமாக இருக்கும், ஆனால் வேறு எதிலும் சிக்காத பக்கங்கள் அதில் சிக்கும்.

தட்டச்சுப் பிழைகளுக்கும் இதே கதைதான். 'கௌ' என்பதை ககரம், ஔகாரக் குறி என்று அடிப்பவர்களும் உண்டு, கெ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்களும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. நீங்கள் தேடும் பெயரில் ஔகாரம் இருந்தால் இரண்டையும் போடுங்கள்.

இத்தனையும் சேர்த்தால் எடுத்துக்காட்டுப் பெயருக்கு எட்டு ஒன்பது நெடுவரிசை வந்துவிடும். ஆறு தளம் என்றால் ஐம்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் திறக்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்தில் மட்டும் விவரம் வைத்திருக்கும் தளத்துக்கு ஆங்கில நெடுவரிசைகள் தேவைப்படாது. அந்தக் கட்டங்களைச் சாம்பல் நிறமாக்கிவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு சின்னச் சேர்க்கை

பழைய நூல்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருப்பது சாதாரணம். அறுபது வருடச் சுழற்சியில் பிரபவ 1867இல் தொடங்கியது, மறுபடி 1927, 1987. ஆங்கில ஆண்டிலிருந்து 1867ஐக் கழித்து, 60ஆல் வகுத்து, மீதியோடு ஒன்று கூட்டினால் வருடத்தின் வரிசை எண் கிடைக்கும். ஷீட்டில் இதற்கு 'மாட்' என்ற செயற்கூறு இருக்கிறது. கலித்தொகை வந்த 1887க்குப் போட்டுப் பார்த்தால் 21 வரும், அதாவது சர்வசித்து. அறுபது பெயர்களையும் தனித் தாளில் ஒரு முறை அடித்து வைத்துக்கொண்டால் எண்ணுக்கு எதிரே பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. எனவே ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரை வெளிவந்த நூலுக்கு முந்தைய வருடப் பெயர்தான் இருக்கும். ஆண்டைத் தேடும்போது இரண்டு பெயரையும் தேடுங்கள். சர்வசித்து, சர்வஜித்து என்று அதற்கும் எழுத்துக்கூட்டல் வேறுபாடு உண்டு.

பதிவேடு

அதே ஷீட்டில் இன்னொரு தாளைத் திறந்து நான்கு நெடுவரிசை போடுங்கள்: தேதி, தளம், தேடிய சொல், கிடைத்தது. கன்ட்ரோலுடன் அரைப்புள்ளிச் சாவியை அழுத்தினால் அன்றைய தேதி விழும். கிடைத்ததை எழுதுவது போலவே கிடைக்காததையும் எழுதுங்கள். 'இந்தத் தளத்தில் இந்தச் சொல்லுக்கு ஒன்றுமில்லை' என்ற வரி, ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி குனிந்து தேடாமல் காப்பாற்றும். மின்னூலகங்களில் புதிய நூல்கள் ஏறிக்கொண்டே இருப்பதால், தேதியைப் பார்த்து எதைத் திரும்பத் தேடலாம் என்றும் முடிவெடுக்கலாம்.

நல்ல பக்கம் ஒன்று கிடைத்ததும் அதன் முகவரியை ஐந்தாவது நெடுவரிசையில் ஒட்டுங்கள். அதற்கு முன் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினுக்குப் போய் அந்தப் பக்கத்தைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். ஒருவரோ இருவரோ ஆர்வத்தில் நடத்தும் தமிழ்த் தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகின்றன. நம் மேற்கோளும் கூடவே போய்விடும். ஏற்கெனவே செத்துப்போன முகவரிகளுக்கும் பலகை முறை உதவும். வேபேக்கின் முகவரியில் ஒரு நட்சத்திரக் குறி, ஒரு சாய்கோடு, அப்புறம் பழைய முகவரி என்று ஒட்டினால் சேமித்த பிரதிகளின் நாள்காட்டி திறக்கும். இந்த ஓர் இடத்தில் மட்டும் என்கோட்யூஆர்எல்லைப் பயன்படுத்தாதீர்கள். முகவரி அப்படியே போக வேண்டும்.

அவசரத் தேடலுக்கு

ஒரே ஒரு சொல்லைப் பார்க்க ஷீட்டைத் திறப்பது அலுப்பு. வெட்டி வைத்த அதே முகவரிகளைக் குரோமிலும் பதியலாம். அமைப்புகளில் தேடுபொறி என்ற பகுதிக்குள் தளத் தேடல் என்று ஒன்று இருக்கும், அங்கே 'சேர்' என்பதை அழுத்துங்கள். தளத்தின் பெயர், ஒரு குறுஞ்சொல், முகவரி என்று மூன்று பெட்டி வரும். முகவரிப் பெட்டியில் முன்பாதி, அதை ஒட்டிச் சதவீதக் குறி, அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன 'எஸ்', பிறகு பின்பாதி. இனி முகவரிப் பட்டையில் குறுஞ்சொல்லை அடித்து டேப் சாவியைத் தட்டி, தேட வேண்டியதை அடித்தால் நேரே முடிவுப் பக்கம். ஆனால் இது பதிவேட்டில் ஏறாது.

எங்கே நிறுத்துவது

பலகை ஓடத் தொடங்கியதும், 'முடிவுகளையும் ஷீட்டுக்குள்ளேயே தானாக இழுத்துக்கொண்டால் என்ன?' என்ற ஆசை வரும். அதற்கான செயற்கூறுகளும் ஷீட்டில் இருக்கின்றன. ஐம்பது கட்டமும் ஒரே நேரத்தில் ஒரு தளத்தைத் தட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மதுரைத் திட்டமும் நூலகம் தளமும் தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்பவை. அங்கே மனிதர் தேடும் வேகத்தில் தேடுவதுதான் முறை. ஒரு கட்டத்தைத் திறந்து, பார்த்து, பதிந்து, அடுத்ததற்குப் போங்கள்.

தானியக்கம் வேண்டும் என்றால் அதற்கென்றே கதவு திறந்து வைத்திருக்கும் இடங்களுக்குப் போகலாம். இன்டர்நெட் ஆர்க்கைவின் மேம்பட்ட தேடல் பக்கம், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என வேண்டிய புலங்களை மட்டும் தேர்ந்தெடுத்து முடிவுகளை, ஷீட்டில் அட்டவணையாகத் திறக்கும் சிஎஸ்வி கோப்பாகவே தருகிறது. அதை ஷீட்டில் இறக்குமதி செய்து, ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தினால் 1900க்கு முந்தைய பதிப்புகள் மேலே வந்து நிற்கும். விக்கிமூலத்துக்கும் விக்கிப்பீடியாவுக்கும் நிரல்வழிக் கேள்விகளுக்கான திறந்த இடைமுகம் உண்டு. பைத்தானில் சிறிது எழுதத் தெரிந்தவர்கள் அடுத்த கட்டமாக அங்கே போகலாம். அப்போதும் முதல் வரிசையில் நீங்கள் சேர்த்து வைத்த எழுத்துக்கூட்டல் பட்டியல்தான் நிரலுக்கு உள்ளீடு.

கடைசியாக ஒரு வேலை. 'கோப்பு' மெனுவில் போய் ஒரு நகல் எடுத்து, அதன் முதல் வரிசையை மட்டும் காலியாக்கி, 'வெற்றுப் பலகை' என்று பெயரிட்டு வையுங்கள். அடுத்த பெயரைத் தேடத் தொடங்கும்போது அதிலிருந்து நகலெடுத்துக்கொள்ளலாம், கேட்கும் நண்பர்களுக்கும் அதையே அனுப்பலாம். தளங்கள் தங்கள் தேடல் பக்கத்தை அவ்வப்போது மாற்றியமைக்கும். ஒரு வரிசை முழுவதும் திடீரென்று பிழைப் பக்கமாகவே வந்தால், அந்தத் தளத்தில் மறுபடி 98765 தேடிப் புதிய முன்பாதியை பி நெடுவரிசையில் மாற்றிவிடுங்கள். மற்றக் கட்டங்கள் எதையும் தொட வேண்டியதில்லை.